சாக்லேட் மெலாஞ்சர்: ஊட்டிக் குளிரில் ஓடுமா, உங்களுக்கு ஒத்து வருமா?

ஊட்டியில் சொந்தமாகச் சாக்லேட் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது, கொக்கோவை அரைத்துச் சாக்லேட்டாக்கும், மேசைமேல் வைக்கும் மெலாஞ்சரைத்தான். பெயர்தான் புதுசு, ஆள் நம்ம கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்தான். கிரானைட் அடிக்கல், மேலே உருளும் இரண்டு கல், சுற்றி எவர்சில்வர் டிரம். மாவாட்டும் மெஷினில் இல்லாதது மூன்று: நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் மோட்டார், சூடு தாங்கும் புஷ் (உருளையின் அச்சில் வரும் வளையம்), கல்லின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. வீட்டு கிரைண்டரிலேயே அரைத்தால் என்ன என்று கேட்பார்கள். நாலைந்து மணி நேரம் அரைக்கலாம், அதற்குமேல் மோட்டார் தீய்ந்த வாசம் அடிக்கும். நாக்கில் நறநறக்காத சாக்லேட்டுக்குத் துகள் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) வரை இறங்க வேண்டும். அதற்கு 36 முதல் 48 மணி நேரம் பிடிக்கும்.

2 கிலோ டிரம்மில் 70 சதவீதம் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் போட்டால் கணக்கு இப்படி வரும்: வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கொக்கோ 1,300 கிராம், கொக்கோ வெண்ணெய் 100, சர்க்கரை 600. வறுப்பிலும் தோலிலும் கால்வாசி போய்விடுவதால் ஏறக்குறைய 1,750 கிராம் காய்ந்த கொட்டை வாங்க வேண்டும்; பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைவதே கிடைக்கும். 50 கிராம் பட்டையாக வார்த்தால் ஏட்டுக் கணக்கில் 40. கல்லிலும் டிரம்மிலும் ஒட்டியது போக 36, 37 தேறினால் சரி. 200 வாட் மோட்டார் 48 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 10 யூனிட். கரண்ட் பில் பயமுறுத்தாது, பயமுறுத்துவது குளிர்.

கொக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டில் உருகும், அறை 12 டிகிரியில் இருந்தால் உறைந்துவிடும். குளிர்ந்த கல்லில் குளிர்ந்த கொக்கோவைக் கொட்டினால் உருளை ஏறி நிற்கும், பெல்ட் வழுக்கும். கொக்கோவை 50–60 டிகிரி ஓவனில் சூடாக்குங்கள். டிரம்முக்குள் பத்து நிமிடம் ஹேர் டிரையர் காட்டுங்கள். திருகைத் தளர்த்தி வைத்து, ஒவ்வொரு கைப்பிடியாகப் போடுங்கள். கொக்கோ கூழாகிப் பளபளத்த பிறகு திருகை இறுக்கலாம். சர்க்கரை போட இரண்டு, மூன்று மணி நேரம் பொறுங்கள். முதல் சில மணி நேரம் மூடியைச் சற்று விலக்கி வைத்தால் புளிப்பு வாடை போகும்.

ஜூன், ஜூலையில் மரம் விழுந்து கரண்ட் போகும் ராத்திரிகள்தான் இந்த மெஷினுக்குக் கண்டம். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருப்பது இறுகிவிடும். கரண்ட் திரும்பியதும் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும், அதன் கம்பிச் சுருள் எரியும். கரண்ட் போனால் தானாக ஆஃப் ஆகி, கையால் அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். இறுகியதை இளக்கி, உருளை கையால் தள்ளினால் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே ஓட விட வேண்டும்.

ஈரமும் லேசுப்பட்டதல்ல. கொஞ்சம் தண்ணீர் போதும், மொத்தமும் களிபோல் திரண்டுவிடும். பிரித்து வைத்த சர்க்கரை மூடுபனியில் தானே ஈரம் வாங்கும். அதையும் ஓவனில் காட்டித்தான் போட வேண்டும். கிரானைட் தண்ணீரை உள்வாங்கிக்கொள்வதால், அதே வகைச் சாக்லேட்டைத் தொடர்ந்து அரைக்கும்போது கல்லைக் கழுவாதீர்கள். சுரண்டி எடுத்தால் போதும். இன்னொன்று: சாக்லேட் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஊட்டிக் கடைகளில் தைல பாட்டிலும் சாக்லேட்டும் ஒரே அலமாரியில் இருப்பது தெரிந்ததே. தைல வாசனை ஏறிய டார்க்கை யார் வாங்குவார்கள்?

இனி வியாபாரம். கண்ணாடிப் பெட்டியில் எடை போட்டு விற்கும் "ஹோம் மேட்" பெரும்பாலும் காம்பவுண்ட். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டி. உருக்கி, முந்திரி போட்டு வார்த்தால் முடிந்தது. டெம்பரிங் (சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்துவது) வேண்டாம். மேட்டுப்பாளையம் வெயிலையும் ஓரளவு தாங்கும். மெலாஞ்சர் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27–28க்கு இறக்கி, 31–32க்கு ஏற்றித்தான் வார்க்க வேண்டும். அப்படிச் செய்ததும் மே மாதக் காருக்குள் உருகி, மறுபடி உறைந்து, வெள்ளை பூத்துப்போகும். பூஞ்சை என்று போன் வரும். அது கொழுப்புப் படிவுதான் என்று இருபதாவது முறையும் எரிச்சலில்லாமல் சொல்ல வருமா? உறையிலேயே அச்சடிப்பது உத்தமம்.

ஒரு மெஷினில் மாதம் 12 ஈடு, அதாவது ஏட்டுக் கணக்கில் 24 கிலோ. சீசனுக்கு இது காணாது. டார்க்கை ஜனவரி முதலே செய்து சேர்த்து வைக்க வேண்டும். மூன்று மாதம் பணம் அலமாரியில் தூங்கும். மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு 2024 மே மாதம் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. ஆகவே சுற்றுலாக் கூட்டத்தை மட்டும் நம்பிப் போட்ட கணக்கு உதைக்கும். கூரியரில் வாங்கும் ஐம்பது வாடிக்கையாளரைச் சேர்க்கும்வரை வேலையை விடாதீர்கள். விற்பதில் மட்டும் ஆசை என்றால் காம்பவுண்ட் வாங்கி வாருங்கள், அதில் தவறில்லை. உறையில் உண்மையை எழுதினால் போதும். நடுராத்திரி எழுந்து டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சலிக்காதவருக்கு மட்டுமே மெலாஞ்சர். லைன் வீட்டில் இருப்பவர் பக்கத்து வீட்டாரையும் யோசிக்க வேண்டும்: இரண்டு நாள் இரைச்சல் சுவரைத் தாண்டும்.

மெஷின் நல்ல மெஷின்தான், ஐந்துக்கு நான்கு. ஒரு புள்ளி குறைவது, மலைக் குளிருக்கு டிரம்மைச் சூடாக்கும் வசதி இல்லாததால். வாங்கும்போது வியாபார உபயோகத்துக்கும் வாரண்டி உண்டா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு பெல்ட், ஒரு ஜோடி புஷ். வந்ததும் தண்ணீர் விட்டு அரை மணி ஓட்டி, நன்றாகக் காயவைத்து, அரைக் கிலோ சர்க்கரையும் சமையல் எண்ணெயும் போட்டு சில மணி நேரம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். சாம்பல் நிறத்தில் வருவது கல் தூள். வெள்ளையாக வரும்வரை கொக்கோ போட வேண்டாம்.