"எல்லாக் கேபிளும் ஒண்ணுதான்" என்று சொல்லும் கடையில் அவுட்போர்டு மோட்டார் மாற்றாதீர்கள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, ஃபைபர் படகின் பின்பக்கம் அவுட்போர்டு மோட்டாரை மாட்டி, ஸ்டீயரிங்கும் கண்ட்ரோல் பாக்ஸும் (கியரையும் ஆக்சிலேட்டரையும் இயக்கும் லிவர் உள்ள பெட்டி) வைத்து ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தே ஓட்டும் வள்ளங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. பாக்ஸில் இருந்து மோட்டாருக்கு கியர் கேபிள் ஒன்று, ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று போகும். அந்த இரண்டை வைத்துத்தான் ஒரு கடை எங்களை ஏமாற்றியது. பணத்தோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆள் உயிரோடு விளையாடிவிட்டார்கள்.

எங்கள் படகு மண்டபத்தில் நிற்கிறது. தூண்டில் போட வருபவர்களுக்கும் கடல் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கும் வாடகைக்கு ஓடுகிறது. ஓட்டுவது மச்சான். பழைய மோட்டார் தேய்ந்துபோனதால் வேறு கம்பெனியின் புது 40 ஹெச்பி மோட்டார் எடுத்தோம். பழைய பாக்ஸுக்கும் இதற்கும் கேபிள் சேருமா என்று மச்சான் கேட்கத்தான் செய்தார். "எல்லாக் கேபிளும் ஒண்ணுதாண்ணே. தள்ளுனா தள்ளணும், இழுத்தா இழுக்கணும், அவ்வளவுதான். இருந்தாலும் உங்களுக்குப் புதுசே போட்டுத் தர்றோம்" என்றார்கள். பில்லிலும் இரண்டு புதுக் கேபிள், மாட்டுகிற கிட், கூலி என்று தனித்தனியாகப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாளே லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் ரேஸ் இறங்கவில்லை. கியர் போடும்போதெல்லாம் டங்கென்று அடித்தது. கடைக்குப் போன் செய்தால், புது மோட்டார், ஓட ஓடச் சரியாகும் என்றார்கள். பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே வைத்து ரிவர்ஸ் பிடிக்கவில்லை. லிவர் கடைசி வரை போகிறது, உள்ளே கடகடவென்று அரைக்கிறது, தண்ணீருக்குள் இருக்கும் விசிறி (புரொப்பல்லர்) சுற்றவில்லை. படகில் மாணவர்கள் இருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் போய்விட்ட நிலையில் நங்கூரத்தைப் போட்டு மச்சான் நிறுத்தினார். பக்கத்தில் வந்த நாட்டுப்படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

தூத்துக்குடியில் இருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்து மூடியைத் திறந்தோம். உள்ளே கிடந்தது எங்கள் பழைய கேபிள்! பொதுவாக இந்தக் கேபிள்களின் மேலுறையில் பார்ட் நம்பரும் நீளமும் அச்சடித்திருக்கும். எங்களுடையதில் அழிந்தது போக மீதி எழுத்து பழைய மோட்டாரின் கம்பெனியைக் காட்டியது. முனை சேராததால் பித்தளைத் துண்டு ஒன்றை அறுத்து வைத்து, கம்பியால் சுற்றி மாட்டியிருக்கிறார்கள். இதற்குத்தான் இரண்டு புதுக் கேபிளின் விலை.

அந்த மெக்கானிக் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். யமஹா, சுசுகி, ஹோண்டா, டொஹாட்சு மோட்டார்களில் பெரும்பாலும் முனையில் மரை உள்ள பொதுவகைக் கேபிள் சேரும். மெர்க்குரியின் முனை தனி. 2020-இல் உற்பத்தியை நிறுத்திய எவின்ரூடுக்கும், அதன் கூடப்பிறந்த ஜான்சனுக்கும் முனை வேறு. ஆகவே கேபிளை மோட்டார் பக்கம் மட்டும் பார்த்து வாங்க முடியாது. பாக்ஸ் பக்க முனையும் சேர வேண்டும். அதோடு, சில மோட்டாரில் கேபிள் தள்ளினால் ஆக்சிலேட்டர் திறக்கும், சிலவற்றில் இழுத்தால் திறக்கும். சில பாக்ஸில் இதை மாற்றிக்கொள்ள வழி உண்டு, சிலவற்றில் பாக்ஸையே மாற்றியாக வேண்டும். கேபிள் நகரும் தூரம் குறைந்தால் கியர் பாதிதான் விழும். பாதி விழுந்த கியரின் பற்கள் ஒன்றையொன்று உரசி முனை மழுங்கும். எங்கள் புது மோட்டாரின் கியர் அப்படித்தான் போனது. கேபிளைத் தவறாக மாட்டியதால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி தரப்பில் கைவிரித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். கியரில் இருக்கும்போது மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச் வேலையே செய்யாதபடி, அதன் ஒயர்களை ஒன்றோடொன்று நேராக முறுக்கி விட்டிருந்தார்கள். பிளக் சேரவில்லையாம். சாவியைத் திருப்பியதும் படகு பாய்ந்தால் பின்னால் நிற்கும் பிள்ளை கடலில் விழும், அடியில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

மோட்டார் மாற்றுகிறவர்கள் கழற்றிய பழைய கேபிளைக் கையில் கேட்டு வாங்குங்கள். புதிய கேபிளின் பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நீளத்தை, பாக்ஸில் இருந்து கேபிள் வளைந்து போகும் பாதையிலேயே அளந்து, மோட்டார் திரும்புவதற்கான வளைவையும் சேர்த்து எடுக்க வேண்டும். பழைய கேபிளின் நீளம் பொருந்தும் என்று சொன்னால் ஏற்காதீர்கள். லிவர் இறுக்கமாக இருந்தால் மோட்டாரை அணைத்துவிட்டு, மோட்டார் பக்கம் கேபிளைக் கழற்றி லிவரை அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கேபிளிலோ பாக்ஸிலோ கோளாறு, லேசானால் மோட்டாருக்குள். கரையில் கியர் போட்டுப் பார்க்கும்போது விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே போட வேண்டும், அதுவும் மோட்டார் அணைந்திருக்கும்போது மட்டும். அப்புறம், கேபிள் முனை மரையில் குறைந்தது 8 மில்லிமீட்டர் உள்ளே ஏறியிருக்க வேண்டும் என்று யமஹா கையேடு சொல்கிறது. எங்களுடையது நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பில்லோடு கடைக்குப் போனோம். "ஓட்டத் தெரியாம ஓட்டுனா கியர் போகத்தான் செய்யும்" என்று சின்ன வயதில் இருந்து கடலில் கிடக்கும் மச்சானைப் பார்த்துச் சொன்னார்கள்.

சரி, இனி பேச்சில்லை என்று ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். படகு தொழிலுக்கு ஆயிற்றே, நுகர்வோர் என்று ஏற்பார்களா என்று பலரும் தயங்குகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். ஏற்கெனவே மோட்டார் மாற்றியவர்கள் இன்றே மூடியைத் திறந்து, கேபிள் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எதையும் கழற்றாமல் முதலில் படம் எடுத்து வையுங்கள்.