பி450 போர்டுக்கு எது பொருத்தம்: ஆர்டிஎக்ஸ் 5060-ஆ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யா?

பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600 ப்ராசசர் போட்டு கேம் ஆடுபவர்கள் நம்மில் நிறைய. போர்டு 2018-ல் வந்த ரகம்தான், ஆனால் இன்னும் சளைக்காமல் ஓடுகிறது. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் பக்கம் போனால் போர்டு, ப்ராசசர், டிடிஆர்5 ரேம் என்று மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவு வேண்டாம், கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்றால் 2025-ல் வந்த இரண்டு கார்டுகள்தான் போட்டிக்கு நிற்கின்றன: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. நான் வாங்கியது இரண்டாவதை. இந்தப் போர்டுக்கு அதுதான் சரி என்பதே என் கருத்து.

பவர் பெரிய பிரச்சினை இல்லை. 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டிக்கு 160 வாட். நல்ல 550 வாட் சப்ளை இரண்டுக்கும் தாராளம். வெளியானபோது அமெரிக்க விலை 299, 349 டாலர். நம் ஊர் விலை அடிக்கடி மாறுவதால், வாங்கும் அன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடையாவது ஏறி இறங்கி விசாரியுங்கள்.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் லேன், அதாவது கார்டுக்கும் ப்ராசசருக்கும் இடையே டேட்டா போய்வரும் பாதை. "எந்த போர்டிலும் எந்த கார்டும் ஓடும் சார்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் 5060 முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் பயன்படுத்துவது 8 லேன் மட்டுமே. கார்டு ஸ்லாட்டின் தரமான பிசிஐஇ-யில் 5.0 தலைமுறை உள்ள புதிய போர்டில் அந்த 8 லேனே விநாடிக்குச் சுமார் 32 ஜிபி கடத்திவிடும். பி450-ன் ஸ்லாட் 3.0. அதில் ஒரு லேனுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, ஆக 8 லேனுக்கு 8 ஜிபி. நாலில் ஒரு பங்கு! 9060 எக்ஸ்டி 16 லேனையும் பயன்படுத்துவதால் அதே ஸ்லாட்டில் 16 ஜிபி கிடைக்கிறது.

கேமுக்கு வேண்டியதெல்லாம் கார்டின் சொந்த மெமரிக்குள் அடங்கும்வரை இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வாலரன்ட் மட்டும் ஆடுபவர் இதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. மெமரி நிரம்பி வழியும்போதுதான் சிக்கல். 5060-ல் இருப்பது 8 ஜிபி. புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் அது போதாமல் போய், மீதி கணினியின் ரேமுக்குப் போய்விடும். கார்டின் சொந்த மெமரி விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் தருவதை, இப்போது 8 ஜிபி பாதை வழியாக இழுக்க வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) பார்க்க ஓரளவு நன்றாக இருந்தாலும் 1% லோ, அதாவது மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம், சரிந்துவிடும். கேமராவைச் சட்டென்று திருப்பினால் படம் திக்கித் திக்கி நகரும். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல பாடம்: 4 ஜிபி மெமரி, 4 லேன். 3.0 போர்டில் போட்டவர்கள் கண்கூடாகவே வேகத்தை இழந்தார்கள்.

9060 எக்ஸ்டியில் மெமரி 16 ஜிபி என்பதால் வழிவதே அபூர்வம், வழிந்தாலும் பாதை இரண்டு மடங்கு. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

5060 பக்கமும் நியாயம் உண்டு. குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் நுட்பத்தில், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸை ஆதரிக்கும் கேம்கள் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4-ஐ விட அதிகம். பிளெண்டரில் 3டி வேலை, வீடியோ எடிட்டிங் எல்லாம் நான் செய்வதில்லை. அந்த வேலை முக்கியம் என்றால் என் பேச்சை விட, அதைத் தினமும் செய்பவரைக் கேட்பதே மேல். உங்களிடம் பி550 இருந்தால் ஸ்லாட் 4.0, 5060-க்கும் 16 ஜிபி பாதை கிடைத்துவிடும். ஆனால் ப்ராசசரையும் பாருங்கள்: ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் பி550-லும் 3.0 மட்டுமே தரும். 5060 டிஐ 16 ஜிபியும் 8 லேன்தான், மெமரி இருப்பதால் சமாளிக்கும். என்ன, வெளியானபோதே 429 டாலர்.

9060 எக்ஸ்டி வாங்கினால் பயாஸில் பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம்மை அணைத்து, கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் நேராக அணுக உதவும் அபவ் 4ஜி டீகோடிங்கையும் ரீசைஸபிள் பாரையும் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தால் சிஎஸ்எம் போனதும் பூட் ஆகாது, முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார்டு ப்ராசசருக்குப் பக்கத்து ஸ்லாட்டில்தான் இருக்க வேண்டும். கீழே இருக்கும் நீள ஸ்லாட் பெரும்பாலான பி450 போர்டுகளில் வெறும் 4 லேன், அதுவும் 2.0. அப்புறம் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளைத் திறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் வரிக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி டெஸ்ட் ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக் காட்டும், அதை நம்ப வேண்டாம். லோடு ஏறியதும் 16 லேன், 3.0 என்று வர வேண்டும். லேன் குறைவாகக் காட்டினால் கார்டைக் கழற்றி, கிளிப் 'டக்' என்று விழும்வரை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள்.