ஏற்காட்டு மழையில் தோல் சீட்

சேலம் அஸ்தம்பட்டி நண்பர் ஒருவர், புது சைக்கிளுக்குத் தோல் சீட் போடலாமா என்று கேட்டார். என் சீட்டைத் தைத்து வாங்கி வந்த அன்று கேட்டதால், வேண்டவே வேண்டாம் என்று சூடாகச் சொல்லிவிட்டேன். காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நல்லது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் உட்கார்ந்தேதான் மிதிக்க வேண்டும். நுரை சீட்டில் பாதி மலையிலேயே மரத்துப்போகும், வியர்வை வேறு தேங்கும். தோல் சீட்டில் நுரையே கிடையாது. சீட்டின் முன்நுனியிலிருந்து பின் தகடு வரை கயிற்றுக் கட்டில் போல இழுத்துக் கட்டிய ஒரே தோல். எலும்பு அழுத்தும் இரண்டு இடங்களில் மட்டும் மெல்லக் குழிந்து, நம் உடம்புக்கென்றே ஆகிவிடும். பழகும் வரை இறுக்கம்தான். அப்புறம் சேர்வராயன் மலையில் நாள் முழுக்கச் சுற்றினாலும் சீட் என்ற நினைப்பே வராது. 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய ப்ரூக்ஸ் இன்றும் இதே அமைப்பில் சீட் விற்கிறதென்றால் சும்மா இல்லை. என்னுடையது வேறு கம்பெனி, அமைப்பு அதேதான்.

என் கோபமெல்லாம் தண்ணீர் மேல். மேல்புறத்துக்கு மெழுகு தடவுகிறோம், உறை போடுகிறோம். நனைவதோ அடிப்புறம். மட்கார்டு இல்லாத வண்டியில் பின்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகிறது. அடியில் பூச்சு எதுவும் கிடையாது, அப்படியே குடிக்கும். நம் ஊர்களில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவார்களே, இதுவும் அப்படித் தாவரச் சாற்றில் பதனிட்டதுதான். ஈரத்தோடு உட்கார்ந்தால் இழுபடும், காய்ந்தாலும் பழைய வடிவம் வராது. ஐப்பசியில் மலை உச்சியில் மழை பிடித்தால் உட்காராமல் எப்படி இறங்குவது?

தோல் தளர்ந்தால், சீட்டின் முன்நுனிக்கு அடியில் இருக்கும் போல்ட்டைத் திருகு, சரியாகும் என்பார்கள். நடுப்பகுதி இறுகும், உண்மைதான். ஆனால் சீட்டின் இருபுறமும் கீழே தொங்கும் மடல்கள் விரிந்துபோனால் விரிந்தே கிடக்கும். ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடையில் உரசும். அளவுக்கு மீறித் திருகினால் ரிவிட் ஓட்டையிலேயே தோல் கிழிந்துவிடும். விற்ற கடையில் கேட்டால், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு இப்படியா சொல்வது?

கடைசியில் ஐந்து ரோடு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன்தான் கைகொடுத்தார். இரண்டு மடலிலும் ஓட்டை போட்டு, தோல் வாரைக் கோத்து, அடியில் இழுத்துக் கட்டினார். "நல்ல தோலுங்க தம்பி, தண்ணி படாம பாத்துக்குங்க" என்றார். உரசல் சுத்தமாக நின்றுவிட்டது. வாங்கிய கூலியும் சொற்பம்.

நண்பர் மழைக்காலத்திலும் மலை ஏறுகிறவர். மட்கார்டு போட்டால் வண்டி பார்க்க நன்றாக இருக்காது என்று பிடிவாதம் பிடிக்கிறவர். அவருக்கு வேண்டாம்தான், அதில் மாற்றமில்லை. என் வண்டிக்கு மட்கார்டு சொல்லி வைத்துவிட்டேன். இந்த சீட் கிழிந்தாலும் அடுத்து வாங்குவது தோல் சீட்தான்.