வர்ஜீனியா கிராமப்புறத்தில் வீடு கட்டப் போகிறீர்களா? பிளானுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நண்பர்கள் சிலர் வர்ஜீனியாவில் ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் பார்த்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு வீட்டு பிளான் வரைந்த டிசைனர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) ஏற்கவே ஏற்காத ஒரு வரைபடத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

விவசாய ஜோனில், அதாவது நிலப் பயன்பாட்டு (ஜோனிங்) விதிப்படி விவசாயத்துக்கு ஒதுக்கிய பகுதியில் உள்ள சரிவான நிலம். உயரக் கட்டுப்பாடு உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டோம். "இது கிராமம், பக்கத்துப் பண்ணையின் தானியக் கோபுரம், அந்த சைலோ எவ்வளவு உயரம் பாருங்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்றார். சைலோ, புகைபோக்கி, தேவாலயக் கோபுரம் இவற்றுக்கெல்லாம் பல கவுண்டிகளில் விலக்கு உண்டு, குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. வீட்டுக்கு 35 அடிதான், அமெரிக்காவின் பல கிராமப்புறக் கவுண்டிகளில் இதே எண்தான்.

வரைபடத்தில் அவர் போட்டிருந்த உயரம் 32 அடி 6 அங்குலம். கவுண்டி ஜோனிங் அலுவலகம் கணக்குப் போட்டபோது வந்தது 38 அடி 6 அங்குலம்! அதே வீடு, அதே கூரை. மாநிலம் முழுவதற்கும் பொதுவான கட்டடச் சட்டப்படி சாய்வுக் கூரை என்றால் அதன் பாதி உயரம் வரை அளந்தால் போதும். எங்கள் கவுண்டியின் ஜோனிங் விதியோ கூரை உச்சி வரை அளக்கச் சொல்கிறது. அப்புறம், பின்பக்கம் தரை 9 அடி இறங்குகிறது, வாக்அவுட் பேஸ்மென்ட் (நேராக வெளியே நடந்து போகக்கூடிய கீழ்த்தளம்) வேறு. வீட்டைச் சுற்றியுள்ள தரைமட்டத்தின் சராசரியிலிருந்துதான் அளவே தொடங்கும் என்பதால், சரிவு கூடக்கூட வீடு உயரமாகிக்கொண்டே போகும். இது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத விஷயமே இல்லை.

திருத்தித் தாருங்கள் என்றால் புதிதாகக் கட்டணம் கேட்டார், இல்லையென்றால் வேரியன்ஸுக்கு, அதாவது ஜோனிங் விதியிலிருந்து தனி விலக்குக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அதுவும் வெறும் பேச்சு. மேல்முறையீட்டு வாரியம் விலக்குத் தர வேண்டுமானால் விதியைப் பின்பற்ற முடியாத சிரமம் நிலத்தால் வந்ததாக இருக்க வேண்டும், விண்ணப்பிப்பவர் உண்டாக்கியதாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே வரைந்துவிட்டோம், பணம் போய்விட்டது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவர் லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்டும் இல்லை. தனி வீட்டுக்கு வரைய இங்கே அது கட்டாயமில்லை, அதனால் லைசென்ஸைக் காட்டி மிரட்டவும் வழியில்லை.

கூரைச் சரிவைக் குறைத்து வேறொருவரிடம் மறுபடி வரையக் கொடுத்திருக்கிறோம், அந்தச் செலவு முழுக்க எங்கள் கையிலிருந்து.

நீங்கள் செய்ய வேண்டியது: எங்கிருந்து எதுவரை அளப்பீர்கள் என்று ஜோனிங் அதிகாரியிடமே எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். எழுதிக் கேட்டால் 90 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று வர்ஜீனியா சட்டமே சொல்கிறது. அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு, ஜோனிங் அனுமதி மறுக்கப்பட்டால் கட்டணமில்லாமல் திருத்தித் தருவேன் என்று டிசைனரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதற்கு மழுப்புகிறவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.