கல்முனையில் 12 சனிக்கிழமை சிங்களம் படித்த கதை

போன வருடம் காணி விஷயமாக அம்பாறை டவுனில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறி, சம்மாந்துறை தாண்டி, வெயிலுக்குள் இறங்கி நடந்து, ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தால், எனக்குச் சிங்களம் தெரியாததால் அந்த உத்தியோகத்தர் துணைக்கு வந்த அக்காவின் மகனைப் பார்த்தே பேசுகிறார். அவனுக்கு 16 வயது. காணி என்னுடையது, கையெழுத்து என்னுடையது, பதில் சொல்வது அவன். திரும்பி வரும்வரை அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவம், அவன் என்ன செய்வான். அடுத்த கிழமையே கல்முனையில் ஒரு பேச்சுச் சிங்கள வகுப்பில் சேர்ந்தேன்.

12 சனிக்கிழமை, இரண்டிரண்டு மணித்தியாலம், மொத்தம் 7,500 ரூபாய். குறையும் சொல்லப் போவதால் இடத்தின் பேர் வேண்டாம்.

மிஸ் நல்ல கெட்டிக்காரி. அரிச்சுவடியில் தொடங்காமல் முதல் நாளே 'மட்ட தேருணே நே' என்று சொல்ல வைத்தார். எனக்கு விளங்கவில்லை என்பதுதான் அது. 'மட்ட' என்றால் 'எனக்கு', எங்கள் வாக்கியம் அப்படியே நிற்கிறது. வினைச்சொல் கடைசியில் வருவதும் எங்களைப் போலத்தான். அதைவிட லேசு, பேச்சில் ஆளுக்கு ஆள் வினை மாறுவதில்லை: மம யனவா, அப்பி யனவா, எயா யனவா. நான் போனாலும் நாங்கள் போனாலும் அவர் போனாலும் 'யனவா'தான். இத்தனை வருடம் இதற்கா பயந்தோம் என்று வந்தது.

குறை என்றால் அச்சடித்துத் தந்த நோட்ஸ். முழுக்கத் தமிழ் எழுத்தில் சிங்களம். எங்களிடம் இருப்பது ஒரே 'ப', அவர்களிடம் ஆங்கில b போல அழுத்திச் சொல்கிற 'ப' வேறு. 'பார' என்றால் வீதி, அதையே அழுத்திச் சொன்னால் ஒப்படைப்பது. போம் (படிவம்) ஒப்படைத்துவிட்டேன் என்று நான் சொன்னதில் வீதி வந்து வகுப்பே சிரித்தது. எழுத்தையும் பக்கத்தில் போட்டிருக்கலாம். மறுகா இன்னொன்று, பாதிப் பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள், 2007-க்குப் பிறகு நியமனம் பெற்றவர்களுக்கு மற்ற மொழியிலும் தேர்ச்சி வேண்டும் என்ற சுற்றறிக்கைக்காக வருகிறவர்கள். கடைசி நாலு கிழமையும் அவர்களின் பரீட்சைக்கே போனது, எங்களைப் போன்றவர்கள் சும்மா இருந்து ஃபேனைப் பார்த்தோம். அதுவும் ஒரே ஒரு ஃபேன்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. 1956-ல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அவர் சின்னப் பொடியன், ஆனால் சிங்களம் படிக்க மாட்டேன் என்று வேலையை விட்ட உறவினரைப் பார்த்து வளர்ந்தவர். "உன்ட பாஷை போயிரும் புள்ள" என்றார். விபுலானந்தர் நம்ம ஊரில் பிறந்து ஆங்கிலமும் சமஸ்கிருதமும் படித்தாரே, அவருக்குத் தமிழ் போனதா என்று கேட்டேன். அவர் விரும்பிப் படித்தார், எங்களைப் படி என்று சட்டம் போட்டான் என்றார் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சரி, வகுப்பு முடிந்து அதே அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஒரே வசனம்: 'மட்ட மே போம் எக்க தெமளென் ஓன.' இந்தப் போம் எனக்குத் தமிழில் வேண்டும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என்னை. கீழ் லாச்சியைத் திறந்து தமிழ்ப் போமை எடுத்து வைத்தார். அவ்வளவு காலமும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது! 1987-ல் இருந்து தமிழும் அரசகரும மொழி, கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியே தமிழ், அதைக் கேட்டு வாங்க எனக்குச் சிங்களம் தேவைப்பட்டிருக்கிறது. சந்தோஷமா கோபமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவரே விரலால் காட்டி "இங்க... கையெழுத்து" என்றார், என் சிங்களத்தைவிட மோசமான தமிழில். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போம் நிரப்ப மட்டும் என்றால் 7,500 அதிகம்தான். அலுவலகத்தில் உங்கள் வாயால் பேச வேண்டும் என்றால் சேருங்கள். முதல் நாளே நோட்ஸை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மிஸ் சொல்வதைப் போனில் பதிந்து கேளுங்கள், ஃபேனுக்குக் கீழே இடம் பிடியுங்கள். அடுத்தது எழுத்து வகுப்பாம், நான் காசு கட்டிவிட்டேன். அக்காவின் மகனும் வருகிறான்.