சத்திரசிகிச்சைக்குப் பின் எந்த எலெக்ட்ரிக் கிற்றார்? தராசு சொல்வதும் தையல் சொல்வதும்

'இனி மெல்ல மெல்ல வாசிக்கலாம்' என்று வைத்தியர் சொன்னதும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: எத்தனை கிலோ? அந்த எண் தேவைதான். ஆனால் 2.8 கிலோ கிற்றார் பத்து நிமிடத்தில் இடத்தோளை நோகவைப்பதும் உண்டு, 3.4 கிலோ கிற்றார் இரண்டு மணி நேரம் மடியில் தொந்தரவின்றிக் கிடப்பதும் உண்டு. பாரம் எங்கே இறங்குகிறது, கிற்றார் பலகையின் விளிம்பு உடம்பில் எங்கே அழுத்துகிறது, கிற்றாரின் கழுத்தான நெக்கைத் தாங்குவது தோள்பட்டியான ஸ்ட்ராப்பா இடக்கையா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் நிறை கணக்குக்கு வரும். ஆகவே தேர்வைக் கடையில் தொடங்காமல் காயத்திலிருந்து தொடங்குவது நல்லது. கீழே உள்ளவை வலக்கையால் மீட்டுபவரை வைத்து எழுதியவை. இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றி வாசிக்கவும்.

காயம் எங்கே?

இருதய பைபாஸ் போன்றவற்றில் நெஞ்செலும்பைப் பிளந்து மூடியிருந்தால், அது பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை எடுக்கும். அந்த நாட்களில் 4.5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உங்கள் வைத்தியர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று, கிற்றாரை விட அதன் பெட்டி பாரமானது என்பது. கடினப் பெட்டி மட்டுமே நான்கைந்து கிலோ வரும். உள்ளே கிற்றாரை வைத்தால் எல்லையைத் தாண்டிவிடும். வால்வு அம்ப் பற்றிப் பேசவே வேண்டாம், அது இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். துணிப் பையும், ஹெட்போனில் கேட்கும் கைக்கடக்கமான சிறு அம்பும் போதும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும். ஸ்ட்ராப் போவதும் அதே வழியால்தான். காயம் ஆறும் வரை ஸ்ட்ராப்பே வேண்டாம், உட்கார்ந்தே வாசியுங்கள். ஹெட்போன், கைத்தொலைபேசி போன்ற காந்தமுள்ள பொருட்களைக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கும்படி சொல்வது வழக்கம். கழற்றிய ஹெட்போனை நெஞ்சில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பிலும் காந்தம் உண்டு. எவ்வளவு இடைவெளி, எப்போது தொடங்கலாம் என்று பேஸ்மேக்கர் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் தொல்லை தருவது பலகையின் பின்புற விளிம்பு. தோள்மூட்டு என்றால் எந்தத் தோள் என்பதே முக்கியம்: இடத்தோள் ஸ்ட்ராப்பையும் நெக்கையும் சுமக்கிறது, வலத்தோள் பலகையின் மேலால் கையைத் தூக்கிப் பிடிக்கிறது. மணிக்கட்டோ விரலோ என்றால் கிற்றாரின் நிறையை மறந்துவிடலாம், அங்கே தந்தியின் இழுவைதான் பிரச்சினை.

ஸ்ட்ராட் வகையா, தலையில்லாததா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

1954இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவத்தில் இரண்டு செதுக்கல்கள் உண்டு. பின்புறம் விலா படும் இடத்தில் ஒரு குழிவு, முன்புறம் முழங்கை படும் இடத்தில் ஒரு சரிவு. அதே நிறுவனத்தின் டெலிகாஸ்டரில் இவை இரண்டும் இல்லை. நிறை ஒன்றாக இருந்தாலும் அதன் நேர் விளிம்பு விலாவில் ஏறி நிற்பது அதனால்தான். ஸ்ட்ராட்டின் மேல் கொம்பு (பலகையின் நீண்ட மேல் முனை) ஏறத்தாழ 12ஆம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை நீள்வதால் ஸ்ட்ராப் குமிழும் அங்கே நிற்கிறது. கையை விட்டாலும் நெக் பெரிதாகச் சரியாது.

நிறை பெரும்பாலும் 3.2 முதல் 3.8 கிலோ வரை. ஒரே மாடலிலேயே மரத்தைப் பொறுத்து அரைக் கிலோ வித்தியாசம் வரும் என்பதால் பட்டியலில் உள்ள எண்ணை நம்பாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஸ்குவையர் சோனிக், அஃபினிட்டி வரிசைகளின் பொப்லர் பலகைகளையும், யமஹா பசிஃபிக்கா 112வியின் ஆல்டர் பலகையையும் நான்கைந்து எடுத்துத் தூக்கிப் பார்த்தால் 3.3க்குக் கீழே ஒன்று அகப்படும் வாய்ப்பு உண்டு. கொழும்பில் இந்த வகைக்கு இன்னொரு பலம், பாவித்த கிற்றார்கள் தாராளமாக விற்பனைக்கு வருவது. தந்தியும் உதிரிப்பாகமும் எங்கும் கிடைக்கும், செற்றப் (தந்தி உயரமும் நெக் வளைவும் சரிசெய்தல்) செய்யத் தெரிந்தவரும் கிடைப்பார்.

தலையில்லாத கிற்றாரில் முறுக்காணிகள் பிரிட்ஜ் (பலகையில் தந்திகள் தங்கும் பாகம்) பக்கம் போய்விடுகின்றன. நெக்கின் நுனியில் ஆறு உலோக ஆணிகளும் ஒரு மரத்துண்டும் இல்லாததால் பாரம் முழுவதும் உடம்போடு ஒட்டி நிற்கும். ஐபனேஸ் கியூ வரிசையும் ஸ்ட்ராண்ட்பெர்க் போடனும் ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோ. ஸ்ட்ராட்டோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ குறைவு. நெஞ்செலும்பு பொருந்திக்கொண்டிருப்பவருக்கும் முதுகுச் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். நீளமும் குறைவு என்பதால் முச்சக்கரவண்டிக்குள் உடம்பை வளைக்காமல் கொண்டுபோய் இறங்கலாம். இவற்றின் பலகையை இடத்தொடையிலும் வைக்கலாம், வலத்தொடையிலும் வைக்கலாம். இடத்தொடையில் வைத்தால் நெக் மேல்நோக்கி எழும்பி மணிக்கட்டு நேராகும்.

குறைகளும் சின்னவை அல்ல. மலிவான தலையில்லாத பிரிட்ஜ்களின் திருகு குமிழ்கள் இறுக்கமானவை. தந்தி முறுகிய நிலையில் அவற்றைத் திருப்ப விரல் நுனியில் நல்ல பலம் வேண்டும். மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு அது தினசரித் தொல்லை. தந்தி மாற்ற அலன் சாவியும் பொறுமையும் தேவை. ஸ்டைன்பெர்கர் ஸ்பிரிட் வாங்கினால் இரு முனையிலும் குண்டு உள்ள தந்தியோ அதற்கான அடாப்டரோ தேவைப்படும். நாலு செற்றாவது சேர்த்து வாங்கி வைக்காவிட்டால் ஒரு தந்தி அறுந்ததும் கிற்றார் சுவரில் தொங்கும். ஐபனேஸிலும் ஸ்ட்ராண்ட்பெர்க்கிலும் சாதாரணத் தந்தியே போடலாம். ஸ்பிரிட்டின் பலகை மிகச் சிறியது, அதனால் தொடையில் நிற்க மடக்குக் கால் ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்கை சாய்வதற்கு அதில் இடமில்லை. கியூஎக்ஸ் மாடல்களின் சாய்ந்த ஃப்ரெட்டுகள் சிலருக்கு மணிக்கட்டை இளக வைக்கும், சிலருக்கு முதல் மூன்று ஃப்ரெட்டில் பார் கோர்ட் (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடி) பிடிக்கையில் எரிச்சலூட்டும். வாசித்துப் பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. இங்குள்ள கடைகளில் எப்போதும் கைவசம் இருக்கும் பொருளும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் வாசித்துப் பார்க்காமலேதான் வாங்குகிறார்கள்.

ஆகவே நெஞ்சு, முதுகு என்றால் காசு இடம்கொடுக்கும் பட்சத்தில் தலையில்லாதது. வயிறு என்றாலோ, உட்கார்ந்து மட்டும் வாசிப்பவர் என்றாலோ, நிறுத்துத் தெரிந்தெடுத்த ஸ்ட்ராட் வகை போதும். மேலதிகக் காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

எஸ்ஜி: தராசில் வெல்லும், தோளில் தோற்கும்

1961இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த இந்த வடிவம் மெல்லிய மஹோகனிப் பலகை. ஏறத்தாழ 3 கிலோ. அதே நிறுவனத்தின் லெஸ் போலின் நாலு, நாலரைக் கிலோவைத் தூக்கிப் பழகியவருக்குக் காற்றைப் பிடித்த மாதிரி இருக்கும், உடனே காசைக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அதன் முன் ஸ்ட்ராப் குமிழ் நெக் பலகையோடு சேரும் இடத்தின் பின்புறம் இருக்கிறது. தொங்கும் புள்ளி உடம்புப் பக்கம் வந்துவிட, மெல்லிய பலகைக்கு எதிர்ப்பாரம் போதாமல், நெக் தரையை நோக்கிச் சரியும். அதை இடக்கை ஓயாமல் தாங்கிக்கொண்டே கோர்ட்டும் பிடிக்க வேண்டும். நெக்கும் இடப்புறம் தள்ளி நிற்பதால் முதல் ஃப்ரெட்டுக்குக் கை இன்னும் நீள வேண்டும். இடத்தோள் சத்திரசிகிச்சைக்குப் பின் இது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர் உட்புறம் சொரசொரப்பான தோல் உள்ள 7, 8 சென்ரிமீற்றர் அகல ஸ்ட்ராப் போட்டால் சரிவு குறையும். வழுக்கும் நைலோன் பட்டி அதைக் கூட்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஞாயிறு பூசைக்கு நின்றபடியே வாசிப்பவர்கள், எஸ்ஜி தவிர வேறில்லை என்றால், ஆறும் வரை ஒரு உயர ஸ்டூலைக் கேட்டு வாங்குவதே புத்தி.

உட்குழிவான கிற்றார்கள்

உள்ளே வெறுமை என்பதால் பாரமிராது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. இஎஸ்-335 போன்ற அரைக்குழிவு வகைக்கு நடுவில் கட்டை மரம் இருக்கிறது, 3.5 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். முழுக்குழிவு வகை பாரம் குறைந்ததுதான், ஆனால் இரண்டுமே பெரும்பாலும் 16 அங்குலம் அளவு அகலம். வலக்கை உடம்பை விட்டு விலகி, தோள் உயர்ந்து நிற்கும். வலத்தோளோ மார்பகச் சத்திரசிகிச்சையோ என்றால் தவிர்க்கவும்.

கையில் சத்திரசிகிச்சை செய்தவருக்குக் குட்டை நீளம்

ஒரே தடிப்பும் ஒரே சுருதியும் உள்ள தந்தியின் இழுவை, அதன் அதிரும் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஸ்ட்ராட்டின் 25.5 அங்குலத்திலிருந்து கிப்சனின் 24.75க்கு வந்தால் ஏறத்தாழ 6 வீதம் குறைவு. மஸ்டாங், ஜாகுவார் வகைகளின் 24 அங்குலத்துக்கு வந்தால் 11 வீதம். ஃப்ரெட்டுகளும் நெருங்கி வருவதால் விரல் விரிப்பும் குறையும். ஸ்குவையரின் மலிவான மஸ்டாங் இதற்குப் போதுமானது. 22.75 அங்குல மினி ஸ்ட்ராட் பிள்ளைகளுக்கு நல்லது. பெரியவரின் விரல்கள் மேல் ஃப்ரெட்டுகளில் ஒன்றோடொன்று மோதும், மெல்லிய தந்தி போட்டால் சுருதியும் நிலைக்காது.

மெல்லிய நெக் என்றாலே சுகம் என்று விற்பனையாளர் சொல்வார். தட்டையான மெல்லிய நெக்கில் பெருவிரல் பிடிமானம் தேடி இன்னும் இறுக்கும். உள்ளங்கையை ஓரளவு நிரப்பும் நெக்கே சத்திரசிகிச்சை செய்த மணிக்கட்டுக்கு இதம்.

வாங்குவதற்கு முன், இருப்பதையே இலகுவாக்கிப் பாருங்கள்

வீட்டில் ஸ்ட்ராட் வகை ஒன்று இருந்தால் புதிதாக எதையும் வாங்காமலே முடியலாம். 10-46 செற்றின் (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மொத்த இழுவை 25.5 அங்குலத்தில் சுமார் 47 கிலோ. 9-42 போட்டால் சுமார் 39. அதை அரைச் சுருதி இறக்கினால் இன்னும் 11 வீதம் போகும். எந்தக் குட்டைக் கிற்றாரும் தராத ஆறுதல் இது, விலை ஒரு செற்றுத் தந்தி.

மாற்றிய மறுநாள் தந்திகள் ஃப்ரெட்டில் இரையத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். இழுவை குறைந்ததால் நெக் நிமிர்ந்துவிட்டது. நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ட்ரெமலோ (சுருதியை அசைக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜ்) உள்ளதென்றால் பின்புற ஸ்பிரிங்குகள் வென்று பிரிட்ஜ் அமுங்கியிருக்கும். உள்ளே உள்ள இரண்டு நீள ஆணிகளைச் சமமாகத் தளர்த்தினால் பழைய நிலைக்கு வரும். 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் மெல்லிய பக்கம் 1.5, தடித்த பக்கம் 2 மில்லிமீற்றர் என்று வையுங்கள். நட் (நெக்கின் நுனியில் தந்திகள் தங்கும் துண்டு) உயரத்தைப் பார்க்க, தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் கவனிக்கவும். கடதாசித் தடிப்புக்கு மேல் இருந்தால் எஃப் கோர்ட்டில் விரல் நோவது அதனால்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போல் கடலோரம் இருப்பவர்கள் பூச்சுப் பூசிய தந்திக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். துருப்பிடித்த தந்தியில் விரல் வழுக்காது, அழுத்தம் கூடும்.

கடையில்

லக்கேஜ் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளில் அது எப்படியும் இருக்கும், இல்லாவிட்டால் புறக்கோட்டையில் கிடைக்கும். ஸ்ட்ராப்பின் இரு முனையையும் பூட்டி, நடுவில் கொளுவித் தூக்கினால் நிறை தெரிந்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பிறகு கைப்பிடியில்லாத கதிரை கேளுங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் கதிரையில் எந்தக் கிற்றாரும் வசதியற்றதாகவே தோன்றும். இருபது நிமிடமாவது மடியில் வைத்து வாசித்தால்தான் விளிம்பு தையலில் படுகிறதா என்று தெரியும். நின்று பார்க்கும் போது இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். நெக் கிடையாகவோ சற்று மேலேயோ நிற்க வேண்டும். இடத்தோள் காயம் என்றால் இந்தச் சோதனையை உடன் வந்தவர் செய்யட்டும்.

ஸ்ட்ராப்பைத் தலைக்கு மேலால் மாட்டும் பழக்கம் நெஞ்சு, தோள் காயத்துக்கு ஆகாது. உட்கார்ந்து கிற்றாரை மடியில் வைத்து, கொம்புப் பக்கம் மட்டும் பூட்டிய ஸ்ட்ராப்பை இன்னொருவர் முதுகுப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து கீழ்க் குமிழில் பூட்டிவிட்ட பிறகு எழும்புங்கள். கழற்றும் போது அதே ஒழுங்கு பின்னோக்கி. கிற்றாரைத் தரை ஸ்டாண்டில் வைக்காமல் மேசை உயரத்தில் வையுங்கள், குனிந்து எடுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் வயிற்றுத் தையல் அதிகம் இழுபடும்.