அதே நான்கு வல்லரசுகள்: ஜெர்மனி உடைந்தது ஏன், ஆஸ்திரியா தப்பியது எப்படி?

1945-இல் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஆக்கிரமித்து ஆண்டவை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் என்ற அதே நான்கு நாடுகள்தாம். பெர்லின், வியன்னா இரண்டுமே சோவியத் மண்டலத்தின் நடுவே இருந்தன. இரண்டும் நால்வருக்கும் பங்கு போடப்பட்டன. ஆனால் ஜெர்மனி 1949-இல் இரண்டாகிவிட்டது. ஆஸ்திரியா 1955-இல் முழுசாக மீண்டது. சின்ன நாடு என்பதால் விட்டுவிட்டார்கள் என்பது பாதி விளக்கம்தான். 'கூடாது' என்று சொல்லும் அதிகாரம் எப்படி அமைந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜெர்மனி முழுமைக்குமான விஷயங்களை முடிவு செய்ய பெர்லினில் கூடிய நால்வரின் கட்டுப்பாட்டுக் குழுவில் நால்வரும் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும். அங்கே முதலில் முட்டுக்கட்டை போட்டது சோவியத் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஜெர்மனியை எப்படி ஆள்வது என்று மற்ற மூவரும் 1945-இல் பேசிய போட்ஸ்டாம் மாநாட்டுக்கு அழைக்கப்படாத பிரான்ஸ்தான் 1945 இறுதியிலேயே ஜெர்மனி முழுமைக்குமான மத்திய நிர்வாகத் துறைகள் அமையவிடாமல் தடுத்தது. பொறுமையிழந்த அமெரிக்காவும் பிரிட்டனும் 1947 ஜனவரி 1 முதல் தங்கள் மண்டலங்களை இணைத்தன. 1948 மார்ச் 20 அன்று சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி குழுவிலிருந்து வெளிநடப்பு செய்தார். ஜூனில் மேற்கு மண்டலங்களில் புது நாணயம் வந்தது, உடனே மேற்கு பெர்லினுக்கான தரை, நீர் வழிகளை சோவியத் அடைத்த பெர்லின் முற்றுகை. தடுத்துக்கொண்டிருந்த பிரான்ஸும் கடைசியில் மேற்கு அணியோடு சேர்ந்துகொண்டது.

ஆஸ்திரியாவில் நிலைப்பாடுகள் நேர்மாறாகப் புரண்டன. 1945 ஏப்ரல் 27 அன்று சோவியத் ஆதரவில் கார்ல் ரென்னர் அரசு அமைந்தபோது மேற்கு நாடுகள் அதைப் பொம்மை அரசென்றே சந்தேகித்தன. அக்டோபர் 20 அன்றுதான் ஆஸ்திரியாவை மேற்பார்வையிட்ட நால்வரின் நேச நாட்டுக் குழு அதை ஏற்றுக்கொண்டது. நவம்பர் தேர்தலில் 165 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 4. அதன்பின் மாஸ்கோ விலகி நின்றது, மேற்கு நெருங்கி வந்தது.

என் கணிப்பில், திருப்புமுனை ஆஸ்திரியா குறித்து நால்வரும் செய்துகொண்ட 1946 ஜூன் 28 ஒப்பந்தம். அரசியலமைப்புச் சட்டங்கள் நீங்கலாக, நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை நால்வரும் ஒருமனதாக 31 நாட்களுக்குள் எதிர்க்காவிட்டால் அது செல்லும். ஜெர்மனியில் ஒருவர் மறுத்தால் போதும். இங்கே தடுக்க நால்வரும் மறுக்க வேண்டும்!

இதற்கும் எல்லை இருந்தது. அடுத்த மாதமே நாட்டுடைமைச் சட்டம் வந்தது. சோவியத் எதிர்த்தும் அதைச் செல்லாததாக்க முடியவில்லை. ஆனால் ஜெர்மன் சொத்து என்று தான் கைப்பற்றியிருந்த நிறுவனங்களில் அந்தச் சட்டத்தை அமலாக்கவும் விடவில்லை. ஆஸ்திரியாவின் சிஸ்டர்ஸ்டார்ஃப் எண்ணெய் வயல்கள் 1955 வரை அதன் பிடியில்தான் இருந்தன.

நடுநிலை என்ற பேரம் ஜெர்மனிக்கும் வந்தது. ஒன்றுபட்ட, நடுநிலையான ஜெர்மனி என்று 1952 மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலின் அனுப்பிய குறிப்பை மேற்கு நாடுகளும் மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடேனவரும் நம்பவில்லை. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதம் ஆஸ்திரியப் பிரதமர் ராப் மாஸ்கோ போனபோது, நான்கு மண்டலங்களுக்கும் பொதுவான அரசின் தலைவராகப் பேச முடிந்தது. 15 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு, ஒரு கோடி டன் எண்ணெய், நடுநிலை உறுதி ஆகியவற்றை விலையாகத் தந்து ஆஸ்திரியா தன் நாட்டை மீட்டது. மே 15 அன்று வியன்னாவின் பெல்வெடேர் மாளிகையில் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. முழு ஜெர்மனிக்காகவும் அப்படிப் பேரம் பேச ஓர் அரசு அப்போது இருக்கவில்லை.